டெல்லி பாக்ஸ்டருக்கு டி.என். நம்பர் வாங்கிய பாடு

காரைப் பார்த்து, பேசி, பணம் கட்ட இரண்டு நாள். அதற்குத் தமிழ்நாட்டு நம்பர் வாங்க நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தில் ஆறு வாரத்தை ஒரு காகிதத்தில் இருந்த இரண்டே இலக்கம் தின்றுவிட்டது. பதினெட்டு வருட ஆசை, கனவு எல்லாம் இங்கே வேண்டாம். இதே வழியில் இறங்கப் போகிறவர்களுக்கு எங்கெங்கே கால் இடறும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

வண்டி போர்ஷே பாக்ஸ்டர், 987 தலைமுறை, 2011 மாடல், 2.9 லிட்டர், பி.டி.கே. (ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ். டெல்லியில் வாங்கக் காரணம் விலைதான். அங்கே பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு வரம்பு பேசப்படுவதால், அந்தக் கெடு நெருங்க நெருங்க விற்பவர் இறங்கி வருகிறார். இங்கே 15 ஆண்டு முடிந்தாலும் வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கெடு தாண்டிய வண்டிக்குக் காகிதம் நகர்த்துவது தனிப் போராட்டம். கெடுவுக்கு ஒரு வருடமாவது மிச்சம் இருக்கும் வண்டியாகப் பாருங்கள்.

என்ஜின் விஷயம் சுருக்கமாக. 2008 வரை வந்த என்ஜின்களில், உள்ளே ஓர் இடைத்தண்டைத் தாங்கும் ஐ.எம்.எஸ். பேரிங் என்ற தலைவலி உண்டு. அது போனால் என்ஜினே போச்சு. 2009 மாடலில் வந்த புது என்ஜினில் அந்தத் தண்டே கிடையாது. அதனால்தான் 2009க்குப் பிந்தையது வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். சேஸ் நம்பரில் பத்தாவது எழுத்து மாடல் வருடம்: 9 என்றால் 2009, ஏ என்றால் 2010, பி என்றால் 2011. ஆர்.சி.யில் பதிவான தேதியை நம்பி ஏமாறாதீர்கள். பழைய மாடல் ஷோரூமில் கிடந்துவிட்டுத் தாமதமாகப் பதிவாகியிருக்கலாம்.

மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று பார்க்க, ஸ்கேனர் போட்டு என்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று எடுங்கள். கிலோமீட்டரை அந்த மணியால் வகுத்தால் சராசரி வேகம் வரும். நான் வாங்கிய வண்டி 31,000 கி.மீ., 980 மணி. மணிக்கு 31 கி.மீ.க்குச் சற்று மேல், டெல்லி நெரிசலுக்குப் பொருந்துகிறது. முதலில் பார்த்த இன்னொன்றில் மீட்டர் 28,000, மணி 1,900. மணிக்கு 15 கி.மீ.கூட இல்லை. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

முன் பம்பரின் காற்றுத் துளைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். இலைச் சருகு உள்ளே மக்கி, ரேடியேட்டரையும் ஏ.சி. கண்டென்சரையும் அரித்துவிடும். துணிக்கூரையின் மழைநீர் வடிகால் அடைத்திருந்தால் சீட்டுக்கு அடியில் கம்பளம் ஈரமாக இருக்கும். கையை விட்டுத் தடவுங்கள். டயரில் பட்டன் ஆழத்தை மட்டும் பார்க்காமல், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். குறைவாக ஓடிய ஸ்போர்ட்ஸ் காரில் டயர் தேய்வதில்லை, இறுகிப்போகிறது. நான்கையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசினேன், உடனே ஒப்புக்கொண்டார்.

இனிதான் பாடு.

முதல் அடி என்.ஓ.சி.யில், அதாவது வண்டி வேறு மாநிலம் போகப் பழைய ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்றில். படிவம் 28இல் வண்டி எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகிறது என்று குறிப்பிட வேண்டும். விற்றவர் 'சென்னை' என்று தேடி, பட்டியலில் முதலில் கண்ணில் பட்டதைத் தேர்ந்தெடுத்துவிட்டார். என் முகவரி பக்கத்து அலுவலகத்தின் எல்லை. கவுன்டரில் காகிதத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, "இது எங்களுக்கு வந்ததே இல்லையே சார்" என்று திருப்பித் தந்தார்கள். அதைத் திருத்த முடியாது, ரத்துதான் செய்ய வேண்டும். ரத்து செய்ய, 'இந்த என்.ஓ.சி.யை நாங்கள் பயன்படுத்தவில்லை' என்று அதில் தப்பாகக் குறித்த அலுவலகம் எழுதித் தர வேண்டும். அதை டெல்லிக்கு அனுப்பி, விற்றவர் மறுபடி விண்ணப்பித்து, ஓ.டி.பி. அவர் போனுக்குப் போய், அவர் அப்போது வெளிநாட்டில் இருந்து... ஆறு வாரம். உங்கள் ஆதார் முகவரி எந்த டி.என். எண்ணுக்குள் (ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் இரண்டு இலக்க எண்) வருகிறது என்று முதலில் உறுதி செய்து, விற்பவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். முழுப் பணத்தையும் என்.ஓ.சி. கைக்கு வருமுன் கொடுக்காதீர்கள். கடைசித் தவணையை நிறுத்தி வைத்திருந்ததால்தான் அவர் என் போனை எடுத்தார்.

என்.ஓ.சி. கிடைக்க மூன்று சுத்தம் வேண்டும்: நிலுவையில் போக்குவரத்து அபராதச் சலான் இருக்கக் கூடாது, திருட்டு வண்டி இல்லை என்ற என்.சி.ஆர்.பி. (தேசியக் குற்ற ஆவணக் காப்பகம்) அறிக்கை வேண்டும், பழைய கடன் ஆர்.சி.யிலிருந்து நீங்கியிருக்க வேண்டும். கடன் அடைத்துவிட்டேன் என்று விற்பவர் சொல்வது வேறு, ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்குவது வேறு. படிவம் 35உம் வங்கிக் கடிதமும் போட்டு நீக்கினால்தான் நீங்கும். வங்கிக் கடிதத்துக்குப் பெரும்பாலும் 90 நாள்தான் ஆயுள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் விற்பவரின் கையெழுத்தை நேரில் இருக்கும்போதே கூடுதல் பிரதிகளில் வாங்கிக்கொள்ளுங்கள், கையெழுத்து ஆர்.சி.யில் உள்ளதோடு பொருந்த வேண்டும்.

இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாள். மூன்றாம் நபர் காப்பு தானாகவே நமக்கு வந்துவிடும். சொந்தச் சேதக் காப்பு வராது. வண்டி லாரியில் ஏறும் முன் இதை முடிக்க வேண்டும். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி) அவருடையது, நமக்கு இல்லை.

மூடிய லாரியில் ஒன்பது நாள் பயணம். வந்து சேர்ந்தபோது பேட்டரி செத்திருந்தது. பாக்ஸ்டரில் பேட்டரி முன் மூடிக்கு அடியில். அந்த மூடியைத் திறப்பது மின்சாரம். பூட்டுக்குள்ளேயே சாவி என்பார்களே, அதேதான். வழி இருக்கிறது: சாவியால் கதவைத் திறந்து, கால் வைக்கும் இடத்தின் பக்கச் சுவரில் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தால் சிவப்பு முனை ஒன்று வெளியே இழுபடும். அதில் வேறு பேட்டரியின் பாசிட்டிவ், கதவுக் கொக்கி மாட்டும் உலோகத்தில் நெகட்டிவ். அலாரம் ஊரைக் கூட்டும், பயப்பட வேண்டாம். மூடியைத் திறக்க மட்டுமே அந்த முனை; அதை வைத்து வண்டியை ஸ்டார்ட் செய்யப் பார்த்தால் ஒயர் கருகும்.

அடுத்தது ஆய்வு. சேஸ் நம்பர் பென்சில் பிரின்ட் (எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் நகல்) எளிதாக முடிந்தது. பிறகு ஆய்வாளர், "பானெட்டைத் திறங்க, என்ஜின் நம்பர் பார்க்கணும்" என்றார். முன்னால் திறந்தேன், பெட்டி வைக்கும் இடம். பின்னால் திறந்தேன், அதுவும் பெட்டி வைக்கும் இடம். "என்ஜின் எங்கதான் இருக்கு?" "சீட்டுக்குப் பின்னாடி சார், நம்பர் அடியில இருக்கு." அன்றைய பயணம் வீண். நம்பர் என்ஜின் அடிப்பாகத்தில் இருக்கிறது. வண்டியை லிஃப்டில் ஏற்றி அடித்தட்டைக் கழற்றினால்தான் தெரியும். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் ஏற்றி, துடைத்து, பென்சில் பிரின்ட் எடுத்து, நம்பரும் வண்டியும் ஒரே காட்சியில் வரும்படி வீடியோவும் எடுத்துப் போனேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. முதல் தடவையே இதைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

வரியில்தான் பலர் கணக்குத் தப்புகிறார்கள். நாம் கொடுத்த விலைக்கு வரி இல்லை. வண்டி புதிதாக இருந்தபோது இருந்த விலையின் மேல், வயதுக்கேற்பக் குறையும் சதவீதம். 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 2023 நவம்பரிலிருந்து 20 சதவீதம், அங்கிருந்துதான் இறங்குகிறது. இன்வாய்ஸ் 60 லட்சம் என்றால் ஒவ்வொரு சதவீதமும் 60,000 ரூபாய் என்று கணக்குப் போட்டுவிட்டுப் பேரத்தில் உட்காருங்கள். அசல் இன்வாய்ஸ் என்னிடம் இல்லை, எனக்கு விற்றவரிடமும் இல்லை. முதல் உரிமையாளர் கடன் வாங்கிய வங்கியின் கோப்பில் நகல் கிடைத்தது. பழைய இன்வாய்ஸ் தேடுகிறவர்கள் அங்கே கேட்டுப் பாருங்கள், ஷோரூமைவிட வங்கி காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கும்.

நம்பர் வந்தது, பலகை மாட்டியாயிற்று. போன வாரம் புது ஆர்.சி.யும் வந்தது. இருக்கைகள்: 4. வண்டியில் இருப்பது இரண்டே சீட். டெல்லி ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தேன், அதிலும் 4. 2011இலிருந்து யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். திருத்த விண்ணப்பம் போட்டிருக்கிறேன். வண்டியை நேரில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.