முதுகு பேசும் ஓவியம்

பிரெஞ்சு ஓவியர் ஃப்ளாந்த்ரன் 1830-களில் ரோமில் மாணவராக இருந்தபோது தீட்டிய, கடலோரப் பாறையில் அமர்ந்த இளைஞனின் நிர்வாண ஓவியம் இன்று லூவரில் இருக்கிறது. அவன் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு தலையைக் கவிழ்த்திருக்கிறான். முகத்தில் பெரிதாக எந்த உணர்ச்சியும் இல்லை. துயரம் முழுக்க வளைந்த முதுகில்தான்.

இந்தத் தோரணையை வரைய, கழுத்தடியில் துருத்தும் 7-ஆவது முள்ளெலும்பையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் முதலில் குறியுங்கள். பலர் முதுகை ஒரே சீரான வில்லாக வளைத்துவிடுவார்கள், உடல் ரப்பர் மாதிரி ஆகிவிடும். விலாக்கூடு அதிகம் மடங்காது. வளைவு பெரும்பாலும் கழுத்திலும் இடுப்புக்கு மேலும்தான்.

வெளிச்சம் ஒரே ஜன்னலிலிருந்து, மேலே பக்கவாட்டில் வரட்டும். ஐரோப்பியர் நேர்வெயில் அதிகம் படாத வடக்கு ஜன்னலை நம்பினார்கள். நம்மூரில் மே முதல் ஜூலை வரை அதிலும் நேர்வெயில் அடிக்கும், வெள்ளைத் துணி கட்டுங்கள்.

முதல் பூச்சுக்கு டர்பன்டைனில் கரைத்த அம்பர் (umber) என்ற பழுப்பு எண்ணெய் வண்ணம் போதும். நிழலை மெல்லியதாகவும் வெளிச்சத்தைக் கனமாகவும் வையுங்கள். நிழலில் வெள்ளை கலந்தால் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிவிடும். நிழலுக்குள் தெரியும் எதிரொளிதான், அதாவது பக்கத்துப் பரப்புகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான், நம்மைப் பெரிதும் ஏமாற்றும்: உற்றுப் பார்க்கப் பார்க்க அது பிரகாசமாகத் தோன்றும். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வெளிச்சப் பக்கத்தின் மிக இருண்ட இடத்தைவிட அது இருட்டாகவே இருக்கும். அதை மீறினால் உருவமும் தட்டையாகும், அந்தத் துயரமும் கலைந்துவிடும்.