பில் பீட் என்னைக் கவிழ்த்ததும் காப்பாற்றியதும்: முதுநிலை அனிமேஷன் நுழைவுத் தேர்வு அனுபவம்

சென்ற வாரம் வெளியான இறுதிப் பட்டியலில் என் எண் இருந்தது. இது இரண்டாவது முயற்சி. முதல் முயற்சியில் நேர்முகத்தில் பிடித்த கலைஞர் யார் என்று கேட்டபோது பில் பீட் என்று சொல்லி, அவர் 1915இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்தார், 1937இல் டிஸ்னியில் சேர்ந்தார், முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தை நூல்களை எழுதி வரைந்தார் என்று ஒப்பித்தேன். சேர்ந்தபோது என்ன வேலை என்றார்கள். இன்பிட்வீனர், அதாவது ஓர் அசைவின் முதல் நிலைக்கும் கடைசி நிலைக்கும் இடைப்பட்ட படங்களை வரைபவர் என்றேன். அந்த வேலையை ஏன் வெறுத்தார் என்ற அடுத்த கேள்விக்கு வாயடைத்துப் போனேன்.

ஊர் திரும்பியதும் ஒரு வாத்து தலையைத் திருப்பும் முதல் நிலையையும் கடைசி நிலையையும் வரைந்து, ஜன்னல் கண்ணாடியில் தாளை ஒட்டி, இடைப்பட்ட 11 படங்களை வரைய முயன்றேன். ஏழாவது படத்தில் அலகு நீண்டுவிட்டது. அழித்துவிட்டு மீண்டும் தொடங்கினேன், கழுத்து பிடித்துக்கொண்டது. டொனால்ட் டக் படங்களுக்காக நாள் முழுக்க இதைச் செய்த பீட், இனி வாத்துகளே வேண்டாம் என்று கத்திவிட்டு வெளியேறியதையும், விட்டுவந்த மேல்சட்டையை எடுக்க மறுநாள் சென்றபோது கதைப் பிரிவுக்கு மாற்றியிருக்கும் செய்தி மேசையில் காத்திருந்ததையும் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். 'பினோக்கியோ'வுக்காக அவர் வரைந்து கொடுத்திருந்த பூத உருவங்களே அந்த மாற்றத்துக்குக் காரணம்.

அதன் பிறகு அவருடைய வாழ்க்கையை மட்டுமே படித்தேன். கதைக்குப் பலர் கூடி உட்காரும் ஸ்டுடியோவில் 1961இன் 'நூற்றியொரு டால்மேஷியன்கள்', 1963இன் 'தி ஸ்வோர்ட் இன் தி ஸ்டோன்' ஆகிய இரண்டுக்கும் தனி ஆளாகக் கதையமைத்தவர் அவர். இரண்டாவதில் வரும் மெர்லினுக்கு முதலாளி வால்ட் டிஸ்னியின் மூக்கையே வைத்தார் (அந்தத் துணிச்சல் எனக்கு ஒருநாளும் வராது). 'தி ஜங்கிள் புக்' தொடர்பாக வால்ட்டோடு முரண்பட்டு 1964இல், தன் 49ஆவது பிறந்தநாளில் விலகினார். 1959இலேயே முதல் நூல் வெளியாகிவிட்டதால் போக்கிடம் இருந்தது.

இம்முறை கதைப்பலகைக்கும் (படத்தின் காட்சிகளைக் கட்டம் கட்டமாக முன்கூட்டியே வரைந்து வைப்பது) படக்கதை நூலுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டார்கள். வேலிக் கம்பத்தின்மீது மூக்கை ஊன்றித் தலைகீழாக நிற்கப் பழகும், பீட்டின் நூலில் வரும் செஸ்டர் பன்றியைத் தாளில் வரைந்து காட்டினேன். கதைப்பலகையில் இதே கோடு பல கைகள் மாறித் திரைக்கு வரும்போது வேறொன்றாகிவிடும், நூலில் அவர் இழுத்த கோட்டையே குழந்தை பார்க்கிறது, பக்கம் புரளும் இடம்தான் அங்கே காட்சி மாறும் இடம் என்றேன். அதன் பிறகு வேறு கேள்வியே வரவில்லை.

சில குறிப்புகள்:

- ஐந்து கலைஞர்களைச் சொல்லாதீர்கள். ஒருவர் போதும், அவர் செய்த வேலையைக் கையால் செய்து பாருங்கள்.
- விருதுகள் கடைசிக்கு. அவருடைய தன்வரலாறு 1990இல் அமெரிக்கப் படநூல் விருதான கால்டிகாட்டின் சிறப்பு நூலாகத் தேர்வானது எனக்குத் தெரியும், யாரும் கேட்கவில்லை.
- என்னைப் போல் பேச்சு வராதவர்கள் பென்சிலும் தாளும் எடுத்துச் செல்லுங்கள்.
- கதைப்பலகை வினாவில் முதலில் வசனமில்லாமல் ஆறு கட்டங்களையும் முடியுங்கள், வண்ணம் பிறகு. நான் மூன்றாம் கட்டத்து மரத்துக்குப் பச்சை தீட்டுவதிலேயே நேரத்தை விட்டு, ஆறாவதை வெறும் பென்சில் கோடாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.