20-ஆம் தேதி கார்டு

"நீங்கதானே சார், கார்டை மட்டும் பாருன்னு சொன்னீங்க?"

சண்டைக்குக் கேட்டது மாதிரி தெரியவில்லை. உண்மையாகவே பதில் தெரிய வேண்டும் என்றுதான், எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் வேலை கற்க வந்த அந்த ஆர்ட்டிகிள் பெண் கேட்டார். கார்டு என்பது, எந்தத் தேதியில் யாருக்கு என்ன வேலை என்று எழுதி வைக்கும் அட்டை. அந்த வேலை நேரத்தில் ஃபோன் டிராயருக்குள் இருக்கும். அன்று மூன்றரை மணிக்கு ஒரு பார்ட்டிக்கு, அதாவது எங்களிடம் கணக்குப் பார்க்கும் ஒரு கம்பெனிக்கு, 3பி என்கிற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன் வரியோடு போட்டாகிவிட்டது. ஐந்து மணிக்கு டிராயரைத் திறந்து ஃபோனை எடுத்தால், பார்ட்டியின் வாட்ஸ்அப் 3.10-க்கே வந்து கிடக்கிறது: ஒரு பில் தப்பாகப் போயிருக்கிறது, ரிட்டர்ன் போட்டுவிடாதீர்கள். 18,000 ரூபாய் பில்லை அவர்கள் டேலி கணக்கு சாஃப்ட்வேரில் 81,000 என்று அடித்திருக்கிறார்கள். வித்தியாசம் 63,000. அதற்கு 18 சதவீதம், 11,340 ரூபாய் வரி கூடுதலாகக் கட்டியாகிவிட்டது.

3பி-யை ஒருமுறை போட்டால் போட்டதுதான், திருத்த வழி கிடையாது. அதற்கு முன்பே பார்த்திருந்தால், விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-ஐத் திருத்துகிற 1ஏ போட்டு அதே மாதத்திலேயே சரி செய்திருக்கலாம். 2024 ஆகஸ்டிலிருந்து அந்த வசதி இருக்கிறது. 3பி போனதும் அதுவும் அடைபட்டுவிடும், அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1-இல்தான் திருத்தம் காட்ட வேண்டும். பணம் காணாமல் போகவில்லை, ஒரு மாதம் முடங்கும். பார்ட்டியும் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் நேரான பதில் இல்லை.

கார்டு முறை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 14-ஆம் தேதி 2பி வரும், பார்ட்டிக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல். அதையும் பார்ட்டியின் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் வரி வரியாக ஒப்பிட வேண்டும். முப்பத்தெட்டாவது வரியில் இருக்கும்போது ஃபோன் மினுக்கும். ஓடிபியாக இருக்குமோ என்று எடுத்தால் குடும்ப குரூப்பில் யாருக்கோ பிறந்தநாள். திரும்பி வரும்போது கண் நாற்பதாவது வரியில் உட்காரும். விட்டுப்போன ஒரு வரியைத் தேட, அன்று சாயங்காலம் முழுக்கப் போகும். இதற்கு முதலில் கொண்டுவந்தது ஒரு பழைய மர ஸ்கேலும் பென்சிலும்தான். பிரின்ட் எடுத்த தாளில் பார்க்கிற வரிக்குக் கீழே ஸ்கேல். பத்து வரிக்கு ஒரு புள்ளி, புள்ளிக்குப் பக்கத்தில் அதுவரையிலான கூட்டுத்தொகை. யார் கூப்பிட்டாலும் எழுந்து போகலாம். திரும்பி வந்தால் கடைசிப் புள்ளியிலிருந்து தொடங்கினால் போதும். இரண்டு பக்கத்துக் கூட்டலும் ஒத்துவராமல், வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், வேறெதையும் தேடுவதற்கு முன் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். 63,000-உம் அப்படி வகுபடுகிற எண்தான். ஆனால் அன்று ஒப்பிட இரண்டு பக்கம் இல்லை. ஜிஎஸ்டிஆர்-1 தயாரானதே அதே டேலியிலிருந்துதான், இரண்டிலும் ஒரே தப்பு.

கார்டுகள் அடுத்து வந்தவை. ஐந்துக்கு மூன்று அங்குலம். கடையில் வாங்க வேண்டியதில்லை, முடிந்துபோன ஃபைல்களின் அட்டையை வெட்டினால் ஒரு அட்டைக்குப் பன்னிரண்டு வரை தேறும். உள்பக்கத்தில் அச்சு இருக்காது. ஏ4 தாளை நாலாக வெட்டியும் பார்த்தாயிற்று. 75 ஜிஎஸ்எம் தாள் பெட்டிக்குள் நிற்காது, வளைந்து பக்கத்துக் கார்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஃபேன் காற்றில் பறக்கவும் செய்யும். ஜெல் பேனாவும் ஆகாது, வியர்த்த கை பட்டால் தேதி தீற்றிவிடும். பால் பாயின்ட்தான்.

ஒரு பார்ட்டிக்கு ஒரு கார்டு. மேலே பெயர், கீழே தேதிகள்: 7 டிடிஎஸ், 11 ஜிஎஸ்டிஆர்-1, 15 பிஎஃப், இஎஸ்ஐ, 20 3பி. பெட்டியில் 31 தடுப்பு. அடுத்த வேலை எந்தத் தேதியோ அந்தத் தடுப்பில் கார்டு நிற்கும். காலையில் அன்றைய தடுப்பில் இருப்பதை எடுத்து மேஜையில் அடுக்கினால் அன்றைய வேலை அவ்வளவுதான். முடிந்ததும் அடுத்த தேதிக்கு நகர்த்த வேண்டும். தேதி இல்லாமல் எந்தக் கார்டும் பெட்டிக்குள் திரும்பக் கூடாது. கார்டு தொலைவது பெரும்பாலும் ஃபைலுக்குள் வைத்து மூடிவிடுவதால்தான். அதனால் ஒவ்வொன்றுக்கும் நம்பர், ஒரு குயர் லாங் சைஸ் நோட்டில் அதற்கான பட்டியல். சனிக்கிழமைதோறும் எண்ணிப் பார்ப்போம்.

டிக் போடுவதை மட்டும் ஆரம்பத்திலேயே நிறுத்திவிட்டோம். சேவ் செய்துவிட்டு, ஃபைல் செய்ததாக நினைத்து டிக் போட்டுவிடுகிறார்கள். டிக்குக்குப் பதில் ஏஆர்என் என்கிற ஒப்புகை நம்பரின் கடைசி நாலு எழுத்தை எழுத வேண்டும். ரிட்டர்ன் நிஜமாகப் போனால்தான் அந்த நம்பர் வரும். இந்த ஒரு மாற்றத்தில் நின்றுபோன தப்புகளை நினைத்தால் கார்டு முறையை விடவே மனம் வராது.

ஃபோன் டிராயருக்குப் போனது கடைசியில். பத்திலிருந்து பன்னிரண்டரை, மூன்றிலிருந்து ஐந்து. லேண்ட்லைன் மேஜை மேலேயே இருக்கும்.

அன்றைக்கும் கார்டு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. 20-ஆம் தடுப்பில் இருந்தது, எடுத்தார், போட்டார், ஏஆர்என் எழுதினார். பார்ட்டி அவசரம் என்றால் லேண்ட்லைனில் கூப்பிட்டிருக்கலாமே என்று முதல் இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது. "வாட்ஸ்அப்ல போட்டுடுங்க சார்" என்று வருஷக்கணக்காக எல்லாப் பார்ட்டிக்கும் சொல்லிப் பழக்கியது எங்கள் ஆபீஸ்தான். அவர்களைப் பொறுத்தவரை செய்தி போட்டால் சொல்லியாகிவிட்டது. வாசலை அந்தப் பக்கம் திறந்து வைத்துவிட்டு, ஆளை இந்தப் பக்கம் உட்கார வைத்தாயிற்று.

இன்னொன்றும் உறுத்துகிறது. அது பிரைவேட் லிமிடெட் கம்பெனி, டிஜிட்டல் கையெழுத்துதான் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி டோக்கன் எங்களிடமே இருந்தது. சொந்தப் பெயரில் தொழில் செய்கிறவர்களுக்கு ஓடிபி போகும். "சார், ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்று கூப்பிட்டே ஆக வேண்டும். கூப்பிட்டால் அவர்கள் எதையாவது சொல்வார்கள், அந்தப் பில் விஷயத்தையும் சொல்லியிருப்பார்கள். ஓடிபி என்றால் தொல்லை என்று எத்தனை தடவை அலுத்துக்கொண்டிருக்கிறோம்! டோக்கன் டிராயரில் இருப்பதை வசதி என்றுதான் நினைத்திருந்தேன். அதை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று இப்போது யோசனை. அவர்கள் வாங்கிக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

அந்தப் பெண்ணுக்கு அன்று நான் சொன்ன பதில், "போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை பேசியிருக்கலாம்மா." அவர் தலையாட்டினார். கார்டில் அப்படி ஒரு வரி கிடையாது. கார்டில் இல்லாததைச் செய்ய வேண்டாம் என்பதற்காகத்தானே அந்த முறையே. சொன்னபடி செய்தவரிடம் சொல்லாததைச் செய்யவில்லையே என்று கேட்டது நியாயமா? வேலை கற்க வந்தவருக்கு அந்த உணர்வு தானாக வர வேண்டும் என்று ஒரு மனம் சொல்கிறது. பெட்டியைப் பார், பெட்டியை மட்டும் பார் என்று பழக்கிவிட்டு அது எங்கிருந்து வரும் என்று இன்னொரு மனம்.

மறுநாளே எல்லாக் கார்டிலும் 11-க்கும் 20-க்கும் மேலே ஒரு வரி சேர்த்தோம்: 'பேசியது', பக்கத்தில் மணி எழுத ஒரு கட்டம். ஃபோன் டிராயரில்தான் இருக்கிறது. மூன்று மணிக்கு உள்ளே போவதற்கு முன் செய்திகளை ஒருமுறை பார்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறேன். 3.10-க்கு வருகிற செய்திக்கு அது உதவாது, தெரியும்.

போன மாதம் 20-ஆம் தேதி சாயங்காலம் முடிந்த கார்டுகளை அடுக்கும்போது பார்த்தேன். வரிசையாக ஐந்து கார்டில் 'பேசியது' கட்டத்தில் 3.05. ஒரே பேனா, ஒரே சாய்வு. ஐந்து பேரிடம் ஒரே நிமிஷத்தில் பேச முடியாது. பேசி முடித்த பிறகு மொத்தமாக எழுதியிருக்கலாம், நானும் அப்படிச் செய்கிறவன்தான். ஏஆர்என் மாதிரி, பேசினால் மட்டுமே எழுத முடிகிற ஏதாவது அந்தக் கட்டத்துக்கு வேண்டும். பார்ட்டி சொன்ன ஒரு வார்த்தையா, அன்றைய விற்பனைத் தொகையா, எதுவும் சரியாகப் பிடிபடவில்லை.

ஒரு கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் மேஜை வரை போனேன். அவர் ஸ்கேலை வைத்து ஒரு தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார், பென்சில் புள்ளி பாதிப் பக்கம் வரை வந்திருந்தது. கேட்கவில்லை. திரும்பி வந்து கார்டை 7-ஆம் தடுப்பில் வைத்தேன்.