உல்வரின் முதல் ஆல்பம்: நவம்பர் குறிப்புகள்

நவம்பர் 8

இன்றிரவு 'பெர்க்டாட்' முழுவதையும் ஒரே மூச்சில் கேட்டேன். ஆஸ்லோவைச் சேர்ந்த பிளாக் மெட்டல் (வேகமும் அலறலும் நிறைந்த கனத்த ராக் இசை) குழுவான உல்வர் 1995இல் வெளியிட்ட முதல் ஆல்பம். அத்தியாயங்கள் எனப்படும் ஐந்து பாடல்கள், மொத்தம் சுமார் 34 நிமிடம். காட்டில் வழி தவறிய ஒரு பெண்ணை மலைக்குள் வாழும் பூதங்கள் கவர்ந்துகொள்கின்றன. நார்வேயின் நாட்டார் கதைகளில் தலைமுறை தலைமுறையாக வரும் கதைதான். வரிகளும் பழைய டேனிய-நார்வேஜிய நடையிலேயே இருக்கின்றன.

நவம்பர் 9

முதல் அத்தியாயத்தைத் தாண்ட மனம் வரவில்லை. டிரம்ஸ் அடை மழையாகக் கொட்டுகிறது, கிட்டார்கள் இடைவிடாமல் இரைகின்றன. அதற்கு மேல் பாடகர் கார்ம் அலறுவார் என்று காத்திருந்தால், தன் குரலையே பல அடுக்காகப் பதிந்து, தேவாலயத்தில் பாடுவதுபோல நிதானமாகப் பாடுகிறார். அடியில் அத்தனை வேகம், மேலே அவசரமே இல்லாத குரல். எனக்குப் பயம் வருவது இந்த இடத்தில்தான். எந்த அலறலிலும் அல்ல.

இரண்டாவது அத்தியாயம் புல்லாங்குழலோடு தொடங்குகிறது. அலறல் அதில் வருகிறது.

நவம்பர் 11

மூன்றாவதின் நடுவில் மெட்டல் நின்றுவிடுகிறது. பியானோ, காட்டுக்குள் யாரோ ஓடும் காலடிச் சத்தம். ஹெட்போனில் கேட்கவேண்டும்.

நவம்பர் 14

அதே 1995இல் டார்க்த்ரோன் குழுவின் ஃபென்ரிஸ், சாத்திரிக்கான் குழுவின் சாத்திர், பாடகி காரி ரூஸ்லாத்தன் மூவரும் 'ஸ்டோர்ம்' என்ற பெயரில் நார்வே நாட்டுப்பாடல்களைக் கனத்த கிட்டாரில் வாசித்தார்கள். எனக்குப் பிடித்த ஆல்பம். ஆனால் அதில் தயாராக இருந்த பாட்டின் மேல் கிட்டார் ஏறுகிறது. உல்வரிடம் மெட்டே நாட்டார் மெட்டாகப் பிறக்கிறது. அக்கூஸ்டிக் கிட்டாரிலிருந்து டிஸ்டார்ஷனுக்கு (கரகரப்பான மின் கிட்டார் ஒலிக்கு) போகும்போதும் அந்த மெட்டு அறுபடுவதில்லை.

நவம்பர் 16

நார்வே பிளாக் மெட்டல் என்றதும் பலருக்கு நினைவு வருவது, அந்த இசை வட்டாரத்தோடு தொடர்புபடுத்தப்படும் தேவாலய எரிப்புதான்: 1992 ஜூனில் பெர்கன் அருகே எரிக்கப்பட்ட ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம். அந்தக் குற்றம் மன்னிக்கக்கூடியதல்ல. ஆனால் இன்று வேறொன்று மனதில் ஓடியது: மலைக்குள் கவர்ந்துசெல்லப்பட்டவர்களை மீட்க ஊரார் தேவாலய மணியை அடிப்பார்கள் என்பது அந்நாட்டு நம்பிக்கை. மணியை மலைமேல் தூக்கிப்போய் அடித்ததாகக்கூடக் கதைகள் உண்டு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஐந்தாம் அத்தியாயம் இன்னும் கொடுமையாக ஒலிக்கிறது. கதை மலையறைகளுக்குள் போய் முடிகிறது.

நவம்பர் 19

1996இல் அவர்கள் தந்தது முழுக்க அக்கூஸ்டிக் ஆல்பம். 1997இல் முழுக்கக் கரடுமுரடான மெட்டல். இரண்டும் நல்லவையே. இருந்தும் இரண்டு உலகமும் ஒரே பாட்டுக்குள் மோதும் முதல் ஆல்பத்துக்கே திரும்புகிறேன். நாளை நான்காம் அத்தியாயத்தின் கிட்டாரை வாசித்துப் பழகவேண்டும்.