நாக்குத் தள்ளும் ஜூலை

2025 ஜூலை 5, சனி

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் இன்று லீல் நகரத்தில் கிளம்பிவிட்டது. 21 கட்டம், 3,300 கிலோமீட்டருக்கு மேல். எங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இதற்கு ஒற்றைப் பத்திதான். பர்மிங்காம் டெஸ்டில் 269 போதாதென்று சுப்மன் கில் இன்று 161 அடித்துவிட்டார். அது போக மிச்சம் இருக்கிற இடம் சைக்கிளுக்கு.

ஏஜென்சி செய்தியின் முதல் வரியிலேயே 'கிரூவலிங்' என்ற ஆங்கிலச் சொல் வந்து உட்கார்ந்திருந்தது. எங்கள் டெஸ்கில் இதற்கு 'கடினமான' என்று போடுவார்கள். ஆர்டுவஸ் வந்தாலும் கடினமான, ஸ்ட்ரென்யுவஸ் வந்தாலும் கடினமான, ஹெர்குலியன் வந்தால் 'மிகக் கடினமான'. இந்த ஜூலை முழுக்க 'கடினமான' என்ற சொல்லைத் தொடாமல் ஓட்டிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

கிரூவல் என்றால் கஞ்சி. ஓட்ஸ் மாவைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சுவது. பழைய ஆங்கிலப் பேச்சில் 'அவனுக்குக் கஞ்சி கிடைத்தது' என்றால் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டான் என்று அர்த்தம். அந்தத் தண்டனையிலிருந்துதான் கிரூவலிங் வந்தது. நாமும் 'மேனேஜர் காய்ச்சி எடுத்துட்டார்' என்கிறோம். அடுப்பு இரண்டு ஊரிலும் ஒன்றுதான் போல.

ஆகவே இதில் நேரம் இருக்க வேண்டும், அடி விட்டு விட்டு விழுந்துகொண்டே இருக்க வேண்டும். நூறு மீட்டர் ஓட்டத்தை எவ்வளவு உயிரைக் கொடுத்து ஓடினாலும் அதற்கு இந்தச் சொல் பொருந்தாது. மூன்று வாரம் சைக்கிள் மிதிப்பதற்குப் பொருந்தும். நான் இன்று 'ஆளைப் பிழிந்தெடுக்கும்' என்று எழுதினேன். தப்பித்தது.

ஜூலை 15, செவ்வாய்

வீரர்களுக்கு ஓய்வு நாள். செய்தி இல்லை, அதனால் பழைய கதை ஒன்று எழுதிக் கொடுத்தேன்.

1913 டூர். பிரெஞ்சு வீரர் யூஜின் கிறிஸ்டோஃப் டூர்மாலே கணவாயிலிருந்து இறங்கும்போது, சைக்கிளின் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் முறிந்தது. அடுத்தவர் கை படக்கூடாது என்பது அன்றைய விதி. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் மலையிறங்கி நடந்து, கீழே ஒரு கிராமத்தில் கொல்லன் பட்டறையைப் பிடித்தார். அவரே இரும்பைக் காய்ச்சி, அவரே அடித்து, ஃபோர்க்கை ஒட்டவைத்தார். போட்டி அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் துருத்தியை ஒரு பையன் ஊதிக்கொடுத்தான். அது பிறர் உதவி என்று நேரத்தில் தண்டனை போட்டுவிட்டார்கள்!

இந்தக் கதைக்கு ஆங்கிலத்தில் பொருத்தமான சொல் 'டாயில்'. ஆலிவ் காயை நசுக்கும் ரோமானியச் செக்கின் பெயரிலிருந்து வந்தது. கோவைச் சிறையில் வ.உ.சி. செக்கிழுத்த கதையைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'உழைப்பு' என்று போட்டால் அதில் ஒரு பெருமிதம் வந்து ஒட்டிக்கொள்கிறது. டாயிலில் பெருமிதம் கம்மி. 'மாடாய் உழைத்தார்' பக்கத்தில் வருகிறது.

ஜூலை 17, வியாழன்

ஓதகாம் மலையில் ஸ்லோவேனிய வீரர் போகாச்சார் எல்லாரையும் உதறிவிட்டுப் போய்விட்டார். நேற்றுத்தான் கீழே விழுந்து எழுந்த மனிதர்.

'ஆர்டுவஸ் ஏற்றம்' என்றது ஏஜென்சி. லத்தீனில் அந்தச் சொல்லுக்கே செங்குத்து என்றுதான் பொருள், ஆகவே 'செங்குத்தான ஏற்றம்' என்று எழுதினேன். பக்கம் பார்த்தவர் 'கடினமான ஏற்றம்' என்று திருத்தினார். போகட்டும்.

ஜூலை 22, செவ்வாய்

இன்று மோன் வான்டூ மலை. உச்சியில் மரம் மட்டை கிடையாது, வெள்ளைச் சரளைக்கல்தான். பிரெஞ்சு வீரர் வாலன்டின் பாரே-பான்ட்ர் ஜெயித்தார். 1967 ஜூலை 13 அன்று டூரில் பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்சன் இதே மலையில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, சைக்கிளிலிருந்து சரிந்து இறந்துபோனார். ஆம்பெட்டமைன், வெயில், ஏற்றம் எல்லாம் சேர்ந்து கொன்றது.

ஒரு இணையச் செய்தி இன்றைய பந்தயத்தை 'ஹாரோயிங்' என்றது. இது எனக்குப் பிடிக்கவில்லை. ஹாரோ என்பது உழுத நிலத்தின் கட்டியைக் கிழித்து உடைக்கும் பலுகு. அதை நெஞ்சின் மேல் ஓட்டினால் எப்படி இருக்கும், அதுதான் ஹாரோயிங். சிம்சன் சாவைப் பற்றிப் படிப்பதற்கு அது சரி. ஜெயித்தவர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படத்துக்குக் கீழே அது எதற்கு?

ஜூலை 24, வியாழன்

ஒரே நாளில் 5,450 மீட்டர் ஏற்றம், கடைசியில் கோல் டி லா லோஸ் கணவாய். முடிவு வரும்போது வெளியூர்ப் பதிப்பு போயே போய்விட்டது.

எக்ஸாஸ்ட் என்றால் தண்ணீரை இறைத்துக் காலிசெய்வது. கிணறு வற்றுகிற சமாச்சாரம். பிரிட்டிஷ்காரர்கள் பேச்சில் நேக்கர்ட் என்பார்கள். வேலைக்கு உதவாத கிழட்டுக் குதிரைகளை வாங்கி அறுத்து விற்பவருக்கு நேக்கர் என்று பெயர். அங்கே அனுப்புகிற நிலைமை என்று அர்த்தம். நம்மிடமும் மாட்டிலிருந்து வந்தது உண்டே, நுரை தள்ளுவது. 'தாவு தீர்ந்தது' இன்னும் நல்ல சொல். இரண்டில் ஒன்றைத் தலைப்பில் வைக்கக் கேட்டேன். 'பேச்சு வழக்கு வேண்டாம்' என்று பதில். டீக்கடையில் எல்லாரும் 'நாக்குத் தள்ளிடுச்சு' என்கிறார்கள். அதே ஆட்கள் காலையில் 'கடினமான' என்று படிக்கவேண்டுமாம்.

ஜூலை 27, ஞாயிறு

பாரிஸில் மழை. கடைசிக் கட்டம் வௌட் வான் ஆர்ட்டுக்கு, பட்டம் நான்காவது முறையாகப் போகாச்சாருக்கு. நான்கு வரி.

பக்கம் முழுக்க மான்செஸ்டர் டெஸ்ட். ஜடேஜா 107, நம்ம வாஷிங்டன் சுந்தர் 101, இரண்டு பேரும் அவுட்டாகவில்லை. இந்திய அணி மொத்தம் 143 ஓவர் நின்று டிரா பண்ணியிருக்கிறது. ஏஜென்சிக்காரர் 'அட்ரிஷன்' என்று போட்டிருந்தார், உரசித் தேய்ப்பது. 'இங்கிலாந்தைத் தேய்த்தெடுத்த தமிழன்' என்று தலைப்பு எழுதிக் கொடுத்தேன். இந்த மாதம் யாரும் கை வைக்காமல் அச்சுக்குப் போன என் தலைப்பு அதுதான். தமிழன் என்று இருந்ததால் இருக்கும்.