அக்கா மகனும் கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டும்

பதினொரு வயதான அக்கா மகன் கென்ஷின் இம்பாக்ட் என்ற வீடியோ விளையாட்டை விளையாட அனுமதி கேட்டபோது, உடனே மறுக்காமல், இரண்டு வாரம் நானே அதை விளையாடிப் பார்த்தேன். வாளும் வில்லும் மந்திரமும் கொண்டு அரக்கர்களோடு மோதும் கற்பனை உலகம் அது. இரத்தம் தெறிப்பதில்லை, வீழ்ந்த எதிரிகள் மறைந்துவிடுகிறார்கள். விளையாட்டுகளுக்கு வயது வரம்பு குறிக்கும் ஐரோப்பாவின் பெகி அமைப்பு இதற்கு 12 வயது என்று வரம்பிட்டிருக்கிறது. அந்த மலைகளும் இசையும் மிக அழகானவை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என்னைக் கலங்க வைத்தது சண்டை அல்ல, புதிய கதாபாத்திரங்களைப் பெறுவதற்கான அதிர்ஷ்டக் குலுக்கல்; அதற்குப் பணமும் செலவழிக்கலாம். மிக அரிதான ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் ஒரு முறை குலுக்கினால் கிடைக்கும் வாய்ப்பு 0.6 சதவீதம் மட்டுமே. தொண்ணூறாவது முறைக்குள் ஒன்று உறுதியாகக் கிடைத்தாலும், அது குழந்தை ஆசைப்பட்ட பாத்திரமாக இல்லாமல் போகலாம் என்பதால், மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரிடும். பணம் நேரடியாக அல்லாமல் படிகம், ரத்தினம், விதி என்ற விளையாட்டு நாணயங்களாக உருமாறிச் செல்வதால், பெரியவர்களுக்கே செலவுக் கணக்கு தவறிப்போகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இந்த விளையாட்டின் நிறுவனத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டில், 2 கோடி டாலர் அபராதத்துடன், 16 வயதுக்கு உட்பட்டோருக்குப் பெற்றோர் ஒப்புதலின்றி இத்தகைய குலுக்கல்களை விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் இடம்பெற்றது.

இப்போதைக்கு வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு முடிந்ததும், பணம் செலுத்தும் வசதி இல்லாத கைபேசியில், கூடத்தில் என் அருகில் அமர்ந்து விளையாடலாம் என்று அவனுக்கு வாக்களித்திருக்கிறேன்.