குழாய் சரி, ரத்தம் ஓடுகிறதா?

ரத்தக்குழாய்களின் உட்சுவரை அமைக்கும் மனித எண்டோதீலியச் செல்களை மேட்ரிஜெல் என்ற புரதக் கூழ் பூசிய தட்டில் விட்டால், ஒரே இரவில் ஒன்றோடொன்று கைகோர்த்து வலைப்பின்னலாக நிற்கும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் கொஞ்ச நேரத்திலேயே அறுந்து சிதற ஆரம்பித்துவிடும். உள்ளே ரத்தம் கிடையாது, ஓட்டமும் கிடையாது. குழாயின் வடிவம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ரத்தத்தின் அழுத்தத்தைத் தாங்கி நிற்குமா என்று தெரிய வேண்டுமானால் இதயம் துடிக்கும் உடல் ஒன்று வேண்டும். எங்கள் ஆய்வு சுண்டெலியிடம் போவது அதற்காகத்தான்.

தொப்புள்கொடியின் சிரையிலிருந்து இந்தச் செல்களைப் பிரித்து வளர்க்கும் முறை 1973-லேயே வந்துவிட்டது. தனியாக விட்டால் இவை அதிக நாள் தாக்குப்பிடிப்பதில்லை. பல வகைத் திசுக்களாக மாறக்கூடிய மெசன்கைமல் ஸ்டெம் செல்களைச் சேர்த்தால், அவை குழாயை வெளியிலிருந்து அணைத்துப் பிடித்துக்கொள்கின்றன.

இரு வகைச் செல்களையும் மேட்ரிஜெல்லில் கலந்து சுண்டெலிக்குள் செலுத்துகிறோம். அதில் பொறுமை வேண்டும். மேட்ரிஜெல் ஐஸில் இருக்கும்வரை திரவம், உடல் சூடு பட்டால் உறைந்துவிடும். சிரிஞ்சும் ஊசியும்கூடக் குளிர்ந்திருக்க வேண்டும். மயக்கத்தில் இருக்கும் சுண்டெலியின் தோலுக்கடியில் மெல்லச் செலுத்திவிட்டு, ஊசியை உடனே உருவாமல் சற்று அப்படியே வைத்திருப்பேன். ஜெல் கசியாமல் ஒரு சின்ன மேடாக நின்றுவிடும்.

இதற்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த சுண்டெலிகள்தான் சரிப்படும். மற்றவை மனிதச் செல்களை அழித்துவிடும். பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி குன்றிய ஸ்கிட் வகைச் சுண்டெலிகளுக்கு, அந்நியச் செல்களை எதிர்க்கும் டி செல்லும் இல்லை, பி செல்லும் இல்லை. நமக்கு ஒன்றும் செய்யாத கிருமிகூட அவற்றைக் கொன்றுவிடலாம் என்பதால் கூண்டுக்குள் போகும் காற்று, உணவு, தண்ணீர் எல்லாமே சுத்திகரிக்கப்பட்டவை. அந்தக் கூண்டுகளைப் பராமரிப்பவர்களின் கவனம்தான் ஆய்வின் பாதி என்பேன்.

ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து ஜெல்லை வெளியே எடுக்கும்போது எல்லோருடைய கண்ணும் நிறத்தின் மேல்தான். வெளுத்திருந்தால் முகம் வாடும், சிவந்திருந்தால் மலரும். நான் அந்தச் சிவப்பை உடனே நம்புவதில்லை. உள்ளே ரத்தம் கசிந்திருந்தாலும் சிவப்புதான். சுண்டெலியின் சொந்தக் குழாய்கள் ஜெல்லுக்குள் புகுந்திருந்தாலும் சிவப்புதான். அப்புறம்தான் உண்மையான வேலை. மெல்லிய சீவல்களாக வெட்டி, எண்டோதீலியச் செல்களின் மேல் இருக்கும் சிடி31 என்ற புரதத்தின் மனித வடிவத்தை மட்டும் பற்றும் ஆன்டிபாடியால் நிறமேற்றுகிறோம். நிறமேறிய வளையத்துக்குள் சிவப்பணுக்கள் இருந்தால், மனிதச் செல் கட்டிய குழாய் சுண்டெலியின் ரத்த ஓட்டத்தோடு இணைந்துவிட்டது என்று துணிந்து சொல்லலாம். சுவர் மனிதனுடையது, ரத்தம் சுண்டெலியுடையது! அந்த வளையத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இதற்காக உயிர்கள் போகின்றன என்பதை நாங்கள் மறப்பதில்லை. விலங்குகளுக்குப் பதிலாக வேறு வழி, எண்ணிக்கையில் குறைப்பு, வலியில் குறைப்பு என்ற மூன்று நெறிகளை பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-ல் வகுத்தார்கள். குழாய் வளரத் தூண்டும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகளை ஆரம்பத்தில் சலித்தெடுக்கக் கோழிக்கருவின் சவ்வோ, உடல் கண்ணாடிபோலத் தெரியும் வரிமீன் (ஜீப்ரா மீன்) குஞ்சோ பெரும்பாலும் போதும். தட்டிலேயே தோற்றுப்போகும் யோசனையைச் சுண்டெலிவரை கொண்டுபோகக் கூடாது என்பதில் நான் கறாராக இருக்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. இப்படி வளர்த்த குழாய்களை வேறொரு மனிதருக்குப் பொருத்தினால் அவர் உடல் ஏற்குமா? எதிர்ப்பதற்கு டி செல்லே இல்லாத விலங்கிடம் அதைக் கேட்க முடியாது. மனித எதிர்ப்புச் செல்களைச் சுமக்கும் சுண்டெலிகளிடம்தான் அடுத்துப் போக வேண்டும்.